கண் மட்டம்

சர்வேயர் நல்ல உயரம். வாசல் நிலையில் இடித்துக்கொள்வாரே தவிரக் குனிய மாட்டார். பேச்சிலும் அப்படித்தான். தப்பு தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

இந்தத் தடவை தப்பு முழுக்க அவர் பக்கம்தான். வெளியூரில் வேலைக்குப் போயிருந்த மகள், மேஜையில் வைத்துக்கொள்ள அம்மாவின் படம் கேட்டாள். இவர் எடுத்து அனுப்பினார்.

"என்னப்பா, நெத்தியும் வகிடும்தான் தெரியுது. அம்மா எங்கே?"

சர்வேயருக்குச் சுருக்கென்றது. "உங்கம்மாவுக்குப் படத்துக்கேத்த மூஞ்சி இல்லம்மா. நான் என்ன பண்றது?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்திலேயே மனைவி, முதல் வகுப்பு டீச்சர், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். அதற்கப்புறம் சாப்பாடு வேளைக்கு வந்தது, துவைத்த துணி மடிப்புக் கலையாமல் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் "ம்". திரும்பக் கேட்டால் "ம்ம்".

மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் யார் கேட்பது? அதற்குப் பதில், கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி ஒரு படம் எடுத்து நீட்டிவிடுவது என்று சர்வேயர் தீர்மானித்தார். தேடித் தேடிப் படித்தார். கேமரா எதிராளியின் கண் மட்டத்தில் இருக்கணுமாம். மேலேயிருந்து எடுத்தால் நெற்றி பெரிதாகத் தெரியும், கழுத்து காணாமல் போகும். ஃபோகஸ் கண்ணில் விழணுமாம். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். நாளெல்லாம் ஊரான் நிலத்துக்கு மட்டம் பார்க்கிறவர், வீட்டில் கோட்டை விட்டிருக்கிறார்.

விடுமுறை நாள் காலையில் மெல்ல ஆரம்பித்தார். "ஜன்னலைப் பார்த்த மாதிரி நாற்காலியில வந்து உட்காரேன். பாப்பாவுக்கு ஒரு படம்."

மறுப்பாள் என்று நினைத்தார். "ம்" என்று வந்து உட்கார்ந்தாள்.

இடுப்பை லேசாக வளைத்து ஒன்று எடுத்தார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"கதவுத் திரையில இருக்கிற பூ நல்லா வந்திருக்கு."

பேசிவிட்டாள். சர்வேயருக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போலிருந்தது. "நீ?"

"நான் புகையா இருக்கேன்."

"ஃபோகஸ் பின்னாடி ஓடிருச்சு. இப்ப பாரு." இன்னொன்று எடுத்தார். "எப்படி?"

"மட்டம்."

"கண் மட்டமா?"

"படம் மட்டம். நாற்காலி எனக்குத் தோதா இல்லைங்க."

குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சர்வேயர் மடங்கி, தொடையில் கையை ஊன்றினார். குறி பார்ப்பதற்குள், "ஸ்டூல் ஆடுது" என்று அவள் தரையிலேயே சப்பணம் போட்டுவிட்டாள். வேறு வழியில்லை. மூட்டு ரெண்டும் சடசடக்க, முட்டி போட்டு, தலையையும் தாழ்த்தினார்.

"நான் எங்கே பார்க்கணும்?"

"என்னை."

"நீங்க?"

"உன் கண்ணை. அங்கதான் ஃபோகஸ்."

ஃபோன் திரையில் அவள் கண்ணைத் தொட்டார். மங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்தது. கருவிழியின் ஓரத்தில் தேன் நிறம். கண்ணுக்குக் கீழே மெல்லிய கோடுகள், இவரிடம் சொல்லாமலே வந்து குடியேறியவை. ஃபோனைச் சற்றே இறக்கிவிட்டு நேராகப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை காலம்?

"என்ன, எடுக்கலையா? மூஞ்சி சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் சொன்னது..."

"காதுல விழல."

"தப்பு. தப்பாச் சொல்லிட்டேன்."

உதடு சிரிக்கவில்லை. அதற்குள் கண் சிரித்துவிட்டது. சர்வேயர் ஃபோனை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அழுத்தினார்.

படம் போன சற்று நேரத்தில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, இதுதாம்ப்பா அம்மா. அப்படியே பேசுற மாதிரி இருக்கு." சர்வேயர் மீசையைத் தடவிக்கொண்டார். மகள் விடவில்லை. "ஆமா, அம்மா கண்ணுக்குள்ள நெட்டையா ஒரு ஆள் முட்டி போட்டுக் கும்பிடுற மாதிரி இருக்கே, யாருப்பா அது?"

சர்வேயர் அவசரமாகப் படத்தைப் பெரிதாக்கினார். கருவிழிக்குள் ஒரு வெளிச்ச ஜன்னல். அதன் முன்னே, தலை தாழ்த்தி, கை ரெண்டையும் குவித்து, அவரேதான்.

"நீ நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாமே," என்றார் மனைவியிடம். "எதுக்குத் தரை வரைக்கும் வந்தே?"

"நாற்காலின்னா நீங்க பாதிதானே குனிவீங்க."