கரடிக் கதையை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டாம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, இரண்டே கால் வயதில் எங்கள் இருவரையும் மேய்த்துக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர் ஆகிய மூவரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்டால் நான்கு பக்கத்துக்குப் பதில் வரும் என்று தெரியும், ஆனாலும் கேட்பது முறை. போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தால் சூப்பர்வைசர் பிடுங்கிக்கொள்கிறாள். மெசேஜ் அனுப்பினாலோ, பிழை திருத்தும் தொழிலில் இருபத்தாறு வருஷம் பழம் தின்று கொட்டை போட்ட நீ, விஷயத்தை விட்டுவிட்டு என் ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புகிறாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் புது மாடல் லிப்ட் பயிற்சிக்கு வெளியூர் போகிறேன். பத்து நாள். காலையில் உன் தம்பி பெண்டாட்டி தபால் அலுவலக வேலைக்குக் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீ வருவதற்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடமைப்பட்டவன். சாப்பாடு, குளியல், தூக்கம் பற்றியெல்லாம் அவள் சொல்வாள். நான் எழுத வந்தது அவளுக்கே தெரியாத ஒரு விஷயம். அவளிடம் மூச்சு விடாதே. கரடிப் புத்தகம் பற்றியது.

அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை என்று சொல்லி நீயே வாங்கிக் கொடுத்தாயே, அதேதான். பதினான்கு பக்கம். கரடி எழுகிறது, குடை எடுக்கிறது, கடைக்குப் போகிறது, வழியில் நாலு பேரைப் பார்க்கிறது, வீட்டுக்கு வந்து தூங்குகிறது. பக்கத்துக்கு இரண்டு வரி. நீ வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காற்புள்ளிக்கு நிறுத்தி, முற்றுப்புள்ளிக்கு மூச்சு வாங்கி, அச்சில் உள்ளபடி வாசிப்பாய். அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் அதில் அச்சாகியிருக்கிற எதுவும் இந்த வீட்டில் செல்லாது.

எப்படி ஆரம்பித்தது என்றால், நான் மாலை ஷிப்டு முடித்து வந்து படுப்பதற்குள் மறுநாள் ஆகிவிடும். அவள் ஏழரைக்குக் கிளம்புவாள். அந்தக் கதவு சாத்துகிற சத்தத்துக்கு சூப்பர்வைசர் எழுந்து புத்தகத்தை என் மூக்கின்மேல் வைப்பாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். "கரடி எங்க போச்சு?" என்றாள். திரும்பிப் போனால் மூன்றாம் பக்கம், ஒரு மஞ்சள் கதவு முன்னால் கரடி குடையோடு நிற்கிறது. என் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை, கதவு மட்டும்தான் தெரிந்தது. "லிப்டுக்கு நிக்குது" என்றேன். "லிப்ட் வரல?" "பழுதாப் போச்சு. கரடி போன் போட்டுச்சு, அப்பா வந்து சரி பண்ணிட்டார்." "எந்த அப்பா?" "உன் அப்பாதான்." அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் நீயும் பொய் சொல்லியிருப்பாய் அக்கா. பதினொரு வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறேன். கதவு திறந்தால் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். என்னை அப்படிப் பார்த்த முதல் ஆள் இவள்தான்.

அப்புறம் எனக்கு வாய் நிற்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஏதாவது பழுதாகும், அப்பா போவார். நாலாம் பக்கத்து வாத்துக்குச் செருப்பு அறுந்துவிட்டது, அப்பா தைத்தார். ஆறாம் பக்கத்துச் சிங்கம் நம் தெருமுனை சலூனில் முடி வெட்டிக்கொள்கிறது என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. மறுநாள் வாக்கிங் போகும்போது நேராக சலூனுக்குள் நுழைந்து "சிங்கம் எங்க?" என்று கேட்டுவிட்டாள். ஒருவருக்கு முகச் சவரம் செய்துகொண்டிருந்த சலூன்காரர், கத்தியை எடுக்காமலே "இப்பதான் எழுந்து போச்சு, இதே நாற்காலிதான்" என்றார். நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார், தாடையில் கோடு விழுந்தது. அதற்குள் இவள் தரையில் கிடந்த முடியை ஒரு கைப்பிடி அள்ளிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் துணி ஊறப்போட்ட உன் தம்பி பெண்டாட்டி, வாளியில் மிதந்ததைப் பார்த்துவிட்டு, ஷிப்டில் இருந்த எனக்கு போன் செய்து, "இது யாரு முடி?" என்று கேட்டாள். சிங்கத்தோடது என்று சொல்ல முடியுமா? எலி என்று சொல்லிவிட்டேன். இப்போது வீடு முழுக்க எலிப்பொறி. காலை வைக்கும்போது பார்த்து வை.

லிப்ட் கதை அதைவிட மோசம். போன வாரம் காய்கறிப் பையோடு எங்கள் கட்டட லிப்டில் ஏறினோம். இவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். கரடி வரட்டுமாம். நகர்த்தினால் அலறுகிறாள், கதவு மூடப்போய் மூடப்போய்த் திறக்கிறது, ஆறு மாடியிலும் ஆட்கள் பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்து யாரோ கம்பெனிக்கு போன் செய்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து எனக்கு போன். "உங்க கட்டடத்துலயே லிப்ட் நின்னு போச்சாம், கொஞ்சம் போய்ப் பாருங்க." "உள்ளேதான் சார் இருக்கேன்" என்றேன். "மாட்டிக்கிட்டீங்களா?" "ஒரு வகையில" என்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்புச் செயலாளர், அவர் உடம்புவாகு உனக்குத் தெரியும், பழுப்பு ஸ்வெட்டரும் குடையுமாக நடைப்பயிற்சி முடிந்து வந்தார். இவள் மரியாதையாக வழிவிட்டு, "கரடி வந்தாச்சு, போலாம்" என்றாள். அவர் ஐந்தாம் மாடிவரை சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பெனிப் படிவத்தில் கோளாறின் காரணம் என்ற கட்டத்தில் நான் "பயணி ஏறத் தாமதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இதோ தூங்கி எழுந்துவிட்டாள். பேனாவை வாங்கி ஒரு சுழி போட்டிருக்கிறாள் பார், அது உனக்கு வணக்கமாம். ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னி.

நீ வருகிறாய் என்று முடிவானதும், சரி, இவளை அச்சுக்குப் பழக்கிவிடலாம் என்று நேற்று உள்ளபடியே வாசித்துப் பார்த்தேன். "கரடி கதவைத் தட்டியது. கதவு திறந்தது." அவ்வளவுதான். "இல்ல" என்றாள். மறுபடி வாசித்தேன். புத்தகத்தை மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா வரணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். உட்கார்ந்துகொண்டு எப்படி ஒற்றைக்காலில் நிற்பது என்று திருத்தாதே, அவளால் முடியும். பகல் பன்னிரண்டு மணிவரை அழுகை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆகவே தயவுசெய்து நான் சொல்கிறபடி வாசி. மூன்றில் லிப்ட். நாலில் செருப்பு. ஆறில் சலூன், ஆனால் சலூன் பக்கம் வெளியே கூட்டிப் போகாதே. ஏழில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா யாரோ இல்லை, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். கரடி அவரிடம் பேனா வாங்கிப் போயிருக்கிறது. இவள் அவரையே மடக்கி "கரடி குடுத்துச்சா?" என்று கேட்டபோது முறைத்தார். பாவம், இவள் உதடு துடிப்பதைப் பார்த்ததும், "இல்லம்மா, நாளைக்குத் தரேன்னுச்சு" என்றார். இப்போது தினமும் வராந்தாவில் நின்று, "இன்னைக்கும் குடுக்கல" என்று அவரே புகார் சொல்கிறார். அவருக்கும் நீ பதில் சொல்லவேண்டி வரும். பத்தாம் பக்கத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே மறந்துவிட்டது, அங்கே மட்டும் இருமு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கவலை புத்தகம் இல்லை. நாலு மணி ஷிப்டுக்கு நான் கிளம்பும்போதே என் டூல் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். பத்து நாள் எப்படிப் பொறுப்பாள்? நீ அச்சில் உள்ளபடி வாசித்தால் கரடி தானே கதவைத் தட்டி, தானே உள்ளே போய்விடும். எந்தப் பக்கத்திலும் அப்பா வரமாட்டார். குழந்தை ஏங்கிப் போய்விடும் அக்கா. எனக்கு இப்போதே மனசு கேட்கவில்லை. பயிற்சிக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று மேலதிகாரியிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "கல்யாணத்துக்கே இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க" என்றார்.

அத்தானுக்கு என் வணக்கம். உனக்கு எங்கள் மூவரின் அன்பு. எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும், குறிப்பாக இந்தப் பத்து நாளும்.

இப்படிக்கு,
நீ எத்தனை திருத்தியும் திருந்தாத தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தபால் அலுவலகத்துக்காரி வேலை முடிந்து வந்து படித்தேவிட்டாள். குட்டு வெளிப்பட்டது. "எந்த லிப்ட்?" என்றாள். மூணாம் பக்கத்து லிப்ட் என்றேன். "அது கதவுங்க. தினமும் நீங்க அந்தப் பக்கம் கிளம்பினதும் புஸ்தகத்தோட வந்து என் மடியில உக்காந்துடுவா. அதுல இருக்கிறதைத்தான் வாசிக்கிறேன். கம்முனு கேக்குறா. நேத்து ஒரு வரி விட்டுட்டேன்னு அவளே எடுத்துச் சொன்னா." நான் நம்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். மூன்றாம் பக்கம் வந்தது. கரடி கதவைத் தட்டியது. சூப்பர்வைசர் "டொக் டொக்" என்றாள், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அப்பா வரணும் என்ற பேச்சே இல்லை. அப்பா எதிரிலேயே துண்டோடு நிற்கிறேன். கதை முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "இப்ப அப்பா லிப்ட் சொல்லு" என்கிறாள். மடிக்கு ஒரு கதை வைத்திருக்கிறாள் அக்கா. உன் மடிக்கும் ஒன்று வைத்துக்கொள்வாள். அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, உன் இஷ்டப்படி வாசி. அவள் ஏங்கமாட்டாள், நன்றாகவே இருப்பாள். எனக்கு தினமும் ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்துவிடும். போன் பண்ணு. என்னைத் தேடினாளா என்று கேட்பேன். இல்லாததைச் சொல்லி உனக்குப் பழக்கமில்லை என்று தெரியும். இருந்தாலும், தேடலைன்னாலும், தேடினாள்னு சொல்லு.