இடது பக்கம் விட்டுத் தைத்தது

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நலம், அங்கே நீங்கள் நலமா என்று தொடங்குவதுதான் முறை. இந்த முறை முதல் பாதியை எழுத முடியவில்லை, இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள். நீ போனில் சொன்னபடியே உன் பேண்ட்டுகளைத் தைத்துவிட்டேன். இந்தக் கடிதமும் அதே பார்சலில் வரும். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு இடது விரையில் ஒரு கட்டி. வலி கிடையாது. மெஷினில் உட்காரும்போது பேண்ட் பிடித்தது, அவ்வளவுதான். பேண்ட் பிடித்தால் தையல்காரன் என்ன செய்வான், கால் கூடும் இடத்தைப் பிரித்து இடது பக்கம் கொஞ்சம் விட்டுத் தைத்தேன், கொஞ்ச நாளில் அதுவும் பிடித்தது, மறுபடி பிரித்தேன், கடைசியில் உள்ளே விடத் துணியே இல்லாமல் ஒட்டுப் போட உட்கார்ந்தபோது உன் அண்ணி பார்த்துவிட்டாள்.

"பேண்ட்டைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறீங்களே, உள்ள இருக்கிற ஆளை யாரும் பாக்க வேண்டாமா?" என்றாள். துணி சுருங்கிவிட்டது என்று சாதித்தேன். "எல்லாப் பேண்ட்டும் ஒரே இடத்துலயா சுருங்கும்?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் நம் கடை வாடிக்கைக்காரர். திரையை இழுத்துவிட்டுப் படுக்கச் சொன்னார். எத்தனை பேர் தொடையில் டேப் வைத்து, "எந்தப் பக்கம் சார் தாராளமா விடணும்?" என்று முகம் மாறாமல் கேட்டிருப்பேன், என் முறை வந்ததும் கை பெல்ட்டை விடவில்லை. "நீங்க அளவெடுக்கும்போது நான் எழுந்து ஓடினேனா? கழட்டுங்க. எந்தப் பக்கம்?" என்றார். இடது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஸ்கேன். ஜில்லென்று எதையோ தடவி, ஸ்கேன் எடுத்த பெண் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

நீர்க்கட்டி இல்லையாம். புற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகமாம். அந்த விரையையே எடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பெரும்பாலும் குணமாகிவிடும், ஒன்று இருந்தாலே போதும் என்கிறார். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பயமாக இருக்கிறது, தம்பி. உன் அண்ணிக்கும் பயம்தான், அதனால் இரண்டு பேரும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கிளம்பும்போது டாக்டர், "கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் ஒரு தடவை காட்டிக்கட்டும்" என்றார். சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ பதறிப்போய் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. அம்மா காதில் போடாதே. நீயும் உன் மனைவியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: பார்சல் கட்ட உன் பேண்ட்டை மடிக்கும்போதுதான் உறைத்தது. "வலது பக்கம் கொஞ்சம் தாராளமா விடுண்ணே, பிடிக்குது" என்றாய். நானும் ஏன் என்று கேட்காமல் விட்டுத் தைத்திருக்கிறேன். பேண்ட் வராது, கடிதம் மட்டும்தான் வரும். வராதே என்று எழுதியதை அடித்துவிட்டு உடனே கிளம்பு. டாக்டர் உன்னைப் பார்த்த பிறகுதான் பேண்ட்.