அழச் சொல்லிக் கொடுத்த அத்தா

என் வாழ்க்கையில் ஊரே கூடி என்னைப் பாராட்டியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நான் செய்யாத வேலைக்காக. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் காது மடல் சூடாகிறது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. (அந்த வாடையைத் தாங்குகிறவன் எதையும் தாங்குவான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) மூத்த மகள் மும்தாஜுக்கு நாலு வயது. நாக்குக்கு அடியில் ஒரு சவ்வு இழுத்துப் பிடித்திருந்ததால் நாக்கு மேலே எழும்பாது. 'த', 'ட' எல்லாம் அவள் வாயில் 'க' ஆகிவிடும். என்னை 'அத்தா' என்று கூப்பிட நினைத்து 'அக்கா' என்பாள். மீசை வைத்த அக்கா எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

பள்ளிக்கூடம் சேர்ப்பதற்குள் சவ்வை வெட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. மனைவி ஜைனபு இளையவனைப் பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வெட்டியது ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகுதான் விஷயமே.

"விரலை நல்லாக் கழுவிட்டு, நாக்குக்கு அடியில வச்சு மேல தூக்கி விடணும். ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்து நாளைக்கு. அழுவா. அழுறாளேன்னு விட்டீங்க, புண்ணு திரும்ப ஒட்டிக்கும்."

"அதெல்லாம் பார்த்துக்கிறேன் டாக்டரம்மா" என்றேன், அலட்சியமாக.

அன்று சாயங்காலம் பின்கட்டு அறையில் பிள்ளையை மடியில் போட்டு விரலை வைத்தேன். அவள் அலறினாள். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதான், என் கண் இருட்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆயிரம் ஆட்டுத் தோலை உதறிப் பார்த்தவன்!

"முடிஞ்சிச்சா?" என்று முன்னறையிலிருந்து ஜைனபு கேட்டாள்.

"முடிஞ்சிச்சு" என்றேன். பொய் ஆரம்பமானது அங்கேதான்.

மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மகளிடம் ரகசியமாகச் சொன்னேன். "ஏத்தா, அத்தா விரலே வைக்க மாட்டேன். நீ சும்மா கத்து. கத்துனா தேன் மிட்டாய்."

பிள்ளை கெட்டிக்காரி. நாலாம் நாளில் நான் "நாக்கை நீட்டு" என்று சொன்ன மாத்திரத்தில் தெருமுனை வரை கேட்கிற மாதிரி வீரிடுவாள். சட்டென்று நிறுத்தி உள்ளங்கையை நீட்டுவாள். முன்னறையில் ஜைனபு கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதுகொண்டிருப்பாள். வெளியே வந்து நான் நெற்றி வியர்வையைத் துடைப்பேன். (வியர்வை இருக்காது. துடைப்பேன்.)

"பெத்தவ என்னாலகூட முடியாது. இம்புட்டு மனத் தைரியம் யாருக்கு வரும்?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் தலையைக் குனிந்து, அடக்கமாக ஏற்றுக்கொண்டேன்.

பத்தாம் நாள், என் புகழைக் கேள்விப்பட்டு வடமதுரையிலிருந்து ஜைனபுவின் அண்ணன் பஸ் ஏறி வந்துவிட்டார். "வா மாப்ள, நானும் வாரேன்" என்று, புண் ஆறியதைக் காட்ட நாங்கள் கிளம்பிய ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்.

டாக்டரம்மா மும்தாஜை மேசையில் உட்கார வைத்தார். "நாக்கை நீட்டு பாப்பா."

வீரிட்டாள். யாரும் அவளைத் தொடவே இல்லை. பக்கத்து அறை நர்ஸ் ஓடி வந்துவிட்டார். மும்தாஜ் அலறலை நிறுத்தி, டாக்டரம்மா முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கே! தூக்கி விட்டீங்களா இல்லையா?"

"விட்டேன் டாக்டரம்மா..."

"அக்கா விரலு வைக்கல. அக்கா கக்கச் சொல்லும். மிக்காய் குடுக்கும்" என்றாள் மகள்.

"யாரும்மா அந்த அக்கா?"

இப்போது வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இல்லாத ஓர் அக்காவின் தலையில் பழியைப் போட்டுவிடலாமா என்று செத்த நேரம் யோசித்தேன். மச்சான் யோசிக்க விடவில்லை.

"அது அக்கா இல்லங்க. இந்தா நிக்கிறாரே, இவருதான். கத்தச் சொல்லி மிட்டாய் குடுத்திருக்காரு."

டாக்டரம்மா திட்டவில்லை. "இன்னொரு தடவை வெட்டணும். தலையை நீங்கதான் பிடிக்கணும்" என்றார். பிடித்தேன். கண்ணை மூடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மூடவில்லை. பிள்ளை கத்தவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டரம்மாவை எப்போது நிறுத்தச் சொல்வேன் என்று.

வீட்டில் மச்சான் வாய் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஜைனபு கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்ப நான் அழுததெல்லாம் எதுக்குங்க?" என்றாள்.

அவள் எழுந்தாள், கையைக் கழுவினாள், என்னையும் கழுவச் சொன்னாள். என் விரலைத் தன் கையால் பிடித்துப் பிள்ளையின் வாய்க்குள் கொண்டுபோனாள். பத்து நாளும் அப்படித்தான். அந்தப் பத்து நாளும் மும்தாஜ் என் கையால் மிட்டாய் வாங்கவில்லை.

பேச்சு வந்தது. இப்போது அவள் பேரன் பேத்தி எடுத்தவள், பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்கள். நானே விட்டுக்கொள்வேன் என்றேன். வீடே சிரித்தது. மும்தாஜ் மட்டும் சிரிக்காமல் வந்து என் இமையை விரித்துப் பிடித்தாள்.

"வேணும்னா கத்துங்கத்தா. நான் விட மாட்டேன்."

நன்றாகவே எரிந்தது. நான் சத்தமே போடவில்லை.