செவ்வாய்க் கம்பவுண்டர் உட்கார்ந்த நாள்

கள்ளக்குறிச்சியில் அந்தக் காலத்தில் உட்காரவே தெரியாத ஒரே மனிதர் செவ்வாய்க் கம்பவுண்டர்தான். நாற்காலி, பெஞ்சு, பஸ் சீட்டு எல்லாம் அவரைப் பொறுத்தவரை மற்றவர்களுக்காகச் செய்யப்பட்டவை. சாப்பாடு நின்றுகொண்டு. பேப்பர் நடந்துகொண்டு. முடிவெட்டுகிறவர் ஒருமுறை கத்தரிக்கோலும் சீப்புமாக அவர் பின்னாலேயே மார்க்கெட் வரை போய்த் திரும்பினார் என்று சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய கிருதா இரண்டும் இரண்டு உயரத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது தாலுகா ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். கச்சிராயபாளையம் ரோட்டில் அரிசி மண்டிக்கு மேலே இருந்த லாட்ஜில் தங்கியிருந்தேன். பக்கத்து அறை அவருடையது. அரசு மருந்தகத்தில் வேலை, நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. பெயரைக் கேட்டால் "கம்பவுண்டர்னு சொல்லு, போதும்" என்பார்.

செவ்வாய் என்ற பட்டம் ஒரு புத்தகத்தால் வந்தது. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறப் போனவர், பழைய பேப்பர் கடையில் அட்டை போன ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். செங்கல் கனம். உள்ளே முப்பத்தாறு விஞ்ஞானச் சிறுகதைகள், எல்லாம் பழைய காலத்துப் பெரிய கைகள் எழுதியவை. கடை வாசலில் நின்றபடியே முதல் கதையைப் படித்து முடித்தார். அதற்குள் மூன்று பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து யார் எதிரில் வந்தாலும் செவ்வாய் கிரகம்தான். ஊர்க்காரர்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். அவருக்குச் செவ்வாய் தோஷம், அதனால்தான் பெண் அமையவில்லை என்று மண்டிக்காரர் மனைவி வருத்தப்பட்டார். செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இவர் மருந்து கொடுப்பார் என்று எண்ணி, மணலூர்பேட்டையிலிருந்து ஒருவர் செவ்வாய்தோறும் இருமலோடு வந்துபோனார்.

ஒரு நாளைக்கு ஒரு கதை, அதுதான் அவர் கணக்கு. சாயங்காலம் லாட்ஜ் வராந்தாவில் நடந்தபடி படித்து, அங்கேயே தமிழாக்கிச் சொல்வார். கேட்க வேண்டுமானால் நாமும் நடக்க வேண்டும். விண்வெளிக் கப்பலுக்கு அவர் வைத்த பெயர் வண்டி. அதை ஓட்டுகிறவர் டிரைவர். சந்திரன் வழியில் ஒரு ஸ்டாப்பிங். கதையில் ஆபத்து வந்தால் நடை வேகமெடுக்கும். ஒரு கதையில் வண்டிக்கு எரிபொருள் தீர்ந்து சனிக்கும் வியாழனுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அது ஒருவழியாகக் கிளம்பியபோது நாங்கள் சங்கராபுரம் ரோட்டில் மூன்று மைல் போயிருந்தோம். மருந்து கலக்கும் நேரத்தில் மட்டும் புத்தகம் மூடியே இருக்கும். அதில் அவர் மகா சுத்தம்.

இருபது கதை முடிந்திருந்த சமயத்தில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஒரே நாளில் ரோட்டோரப் புளியமரங்களெல்லாம் ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் இல்லை, பேப்பர் இல்லை, மெஸ்ஸில் காய்கறி இல்லை. எனக்கோ மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கடலூரில் இன்டர்வியூ. நிரந்தர வேலை. வயது வரம்பு எனக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் ஆயுளுக்கும் தற்காலிகம்தான்.

அறைக்குள் நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்ததைக் கம்பவுண்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தன் இனத்தைக் கண்டுகொண்ட மாதிரி முகம் மலர்ந்தது.

"இன்னா தம்பி, நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"பஸ்ஸு இல்லன்னா இன்னா? கால் இருக்குதில்ல. எனக்கும் வராந்தா பத்தல. நானும் வரேன்."

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடலூர் அறுபது மைல் இருக்கும். அவர் படித்துக்கொண்டே நடந்தார். வெட்டிப் போட்ட மரங்களைத் தலை நிமிராமல் தாண்டினார். நான் ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாகப் பயந்துகொண்டு பின்னால் போனேன். சின்னச் சின்னக் கூட்டங்கள் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று விட்டுவிட்டார்கள்.

எலவானாசூரைத் தாண்டியதும் இருந்தவர்கள் அப்படி விடவில்லை. பெரிய மரம். நாற்பது, ஐம்பது பேர். கையில் அரிவாள், கோடாலி. கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்த மீசைக்காரர் என் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கிப் பிரித்தார். சர்டிபிகேட்டுகளுக்கு மேலே இன்டர்வியூ கார்டு.

"வேலைக்குப் போறியா?"

"ஆமாங்க."

"வேல கேட்டுத்தான் நாங்க இங்க மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்தியிருக்கோம். நீ அதும் மேலயே ஏறி வேலைக்குப் போறியா?"

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது. மீசைக்காரர் அடுத்ததாக, "நீ இன்னா ஆளுங்க?" என்றார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். என்னிடம் இருந்த பதில் அந்த மரத்தடியில் சொல்லக்கூடிய பதில் அல்ல. கூட்டம் ஓர் அடி நெருங்கியது.

கம்பவுண்டர் அப்போதுதான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏங்க, உங்கள்ல மட வேல தெரிஞ்சவரு யாருனா இருக்கீங்களா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"செவ்வாய்ல ஒரு வாய்க்கா. மேல்மடைக்காரன் அடச்சிக்கினான். கீழ்மடைல பயிரு காயுது. முந்நூறு வருசமா மனு குடுத்துக்கினே இருக்கான். கேக்க ஆள் இல்ல. இப்ப பூமிலேருந்து ஒரு வண்டி அங்க எறங்குது. கீழ்மடைக்காரன் வண்டிய மறிச்சிட்டான். எங்க மனுவ வாங்காம நகரக்கூடாதுன்றான். இன்னா செய்யலாம், சொல்லுங்க."

"செவ்வான்னா எது? சின்னசேலம் பக்கமா?" என்றார் ஒருவர்.

"அதுக்கும் கொஞ்சம் மேல."

"மடைக்குக் காவல் யாரு?" என்று மீசைக்காரர் கேட்டார். ஃபைல் அவர் கையில் தொங்கியது. "காவக்காரன் மேல்மடை ஆளா, பொது ஆளா?"

"அங்கதாங்க சிக்கலே" என்றார் கம்பவுண்டர்.

பத்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மடையை உடைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. வண்டிக்காரனைப் பஞ்சாயத்துக்கு உட்கார்த்த வேண்டும் என்று மறு கட்சி. கடைசியில் மீசைக்காரர் கையை உயர்த்தினார்.

"முடிவு இன்னான்னு சொல்லு."

"நானே இன்னும் படிக்கல. இங்கிலீஷு. பாத்துப் பாத்துத்தான் சொல்லணும். நேரமாவும்."

"ஆவட்டும். குந்து."

"குந்தறேன். இந்தப் பையன வுட்டுடுங்க. பக்கத்துல நின்னு உசுர வாங்கறான். எனக்கு எழுத்தே ஓடல."

மீசைக்காரர் ஃபைலை என்னிடம் நீட்டி, போ என்பதுபோல் தலையசைத்தார். நான் மரத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட புளியங்கிளையின் மேல், காலை மடக்கி, நோட்டீஸ் ஒட்டியதுபோல அசையாமல். இரண்டு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதன்பின் திருநாவலூர் பக்கம் வயல் வரப்பில் கொஞ்சம், யாரோ ஒருவரின் சைக்கிள் கேரியரில் கொஞ்சம், மீதியெல்லாம் நடை. மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கடலூர் ஆபீஸ் வாசலில் நின்றேன். பாதம் இரண்டும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தன. வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்டர்வியூ ஒரு மாசம் தள்ளி வச்சிட்டாங்களே தம்பி. எல்லா எடத்துலயும் மறியலாம், யாரும் வரமுடியாதாம். பேப்பர் பாக்கலியா?"

திரும்பி வந்து சேர நாலு நாள் ஆனது. கம்பவுண்டர் லாட்ஜில் இல்லை. நான் போன மறுநாளே போலீஸ் வந்து மரத்தடியில் இருந்த எல்லோரையும் வேனில் ஏற்றியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர் என்று தெரிந்து இன்ஸ்பெக்டர், "சார், நீங்க போலாம்" என்றாராம். "இன்னும் நாலு பக்கம் இருக்குதுங்க" என்று இவரும் வேனில் ஏறிவிட்டார். ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். உள்ளே போனதும் பழைய குணம் வந்துவிட்டது. மணமேடையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி அவர் கதை சொல்ல, கதை கேட்க ஐம்பது பேரும் பின்னால் நடக்க, உள்ளேயும் ஊர்வலம் தொடங்கிவிட்டார்கள் என்று இன்ஸ்பெக்டர் மேலும் பத்து போலீசாரை வரவழைத்தார். ஒரு வாரத்தில் வெளியே விட்டபோது முப்பத்தாறு கதையும் முடிந்திருந்தது.

வெளியே அவருக்காக ஒரு மெமோ காத்திருந்தது. அரசு ஊழியர் மறியலில் கலந்துகொண்டது ஏன் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டிருந்தார். அதற்கு அவர் எழுதிய பதிலை நான்தான் டைப் அடித்தேன். 'மறியலில் நான் கலந்துகொள்ளவில்லை. செவ்வாயில் நடந்த ஒரு தண்ணீர்த் தகராறை விளக்கிக்கொண்டிருந்தேன்' என்று தொடங்கி நாலு பக்கம். என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

"சார், எனக்காகத்தான் உட்கார்ந்தீங்கன்னு எழுதுங்க. விட்டுடுவாங்க" என்றேன்.

"எழுதுனா உன்ன கூப்ட்டு விசாரிப்பான். இன்டர்வியூ நேரத்துல உன் பேரு எந்தக் காயிதத்துலயும் வரக்கூடாது. நீ அடி."

நான் அடித்தேன். கண் மறைத்ததில் இரண்டு இடத்தில் பிழை.

மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தாராம். பிறகு அவரைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார். வெள்ளிமலைக்கும் அப்பால், பஸ் போகாத இடத்தில் ஒரு மருந்தகம். தண்டனை மாற்றல். அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பிப் போனார். மலையெல்லாம் நடக்கலாம் என்று சந்தோஷமாகத்தான் போனார்.

தள்ளிப்போன இன்டர்வியூ நடந்தது. போய்வந்தேன். முடிவு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். என்னால் ஒருவருக்கு மலை, எனக்கோ வேலையும் இல்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி, மேலே நடக்கத் தொடங்கினேன்.

மருந்தக வாசலில் ஏழெட்டு மலைக்காரர்கள் காத்திருந்தார்கள். கம்பவுண்டர் இல்லை. யாருக்கோ காய்ச்சல் என்று அடுத்த ஊருக்கு நடந்து போயிருந்தார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் என்னை விசாரித்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறேன், அங்கே டைப் அடிக்கிறேன் என்றேன். அவள் என் கால்களைப் பார்த்தாள்.

"கடலூருக்கு நடந்து போன தம்பி நீங்கதானா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்பவுண்டரு சொன்ன கததானே. அந்தப் பொஸ்தகத்துல கடேசிக் கத." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். எல்லோரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். செவ்வாயிலிருந்து இறங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"நல்லா இரு சாமி. கடேசில வேல கெடச்சிதுன்னு சொன்னப்ப எங்களுக்கெல்லாம் அவ்ளோ சந்தோசம்."

வேலை உத்தரவு என் கைக்கு வந்தது அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான்.