குழாயை மூடியது நான்தான்

என் அத்தை மகன் ஏழுமலை ஒரு பொய்யன். வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிற சாதாரணப் பொய்யன் இல்லை. நடந்ததில் பாதியை மட்டும் சொல்லி, மீதிப் பாதி வருவதற்குள் எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுகிற பொய்யன். முழுப் பொய் என்றால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம். இந்தப் பாதிப் பொய்யை என்ன செய்வது?

இருபது வருடமாக எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தியில் பாயசம் வருகிற நேரத்துக்கு அவன் ஆரம்பித்துவிடுவான். "நம்ம கஸ்தூரி இருக்குதே, பள்ளிக்கூடத்துல ஒரு குழாய மூடுச்சு பாரு..." அவ்வளவுதான். இலையில் சாப்பாடு இருக்கும், கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். காதுகுத்தில் கரண்ட் போனால், "கஸ்தூரி குழாய மூடிட்டாளா?" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். அப்போதும் வந்தது. (தாலி இன்னும் ஏறவில்லை. மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.)

போன மாதம் என் மகள் கேட்டாள். ஆறாவது படிக்கிறாள். "ஏம்மா, குழாய மூடக்கூடத் தெரியாமயா நீ பிளம்பர் ஆன?"

போதும். மீதிப் பாதியை நான் எழுதிவிடுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. வேண்டாம், நயம் ஏழுமலையிடமே இருக்கட்டும்.

2004இல் நான் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவில் பிளம்பிங் எடுத்தேன். லட்சியமெல்லாம் கிடையாது. தையல் பிரிவில் இடம் முடிந்துவிட்டது. மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் எல்லாம் உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டுப் பையன்கள். எங்கள் வீடும் அதே. ஏழுமலையும் அதே வகுப்பு, அவன்தான் லீடர். என்னைவிட நான்கு மாதம் மூத்தவன், அந்த நான்கு மாதத்தை வைத்தே இன்றைக்கு வரைக்கும் பிழைப்பை ஓட்டுகிறான்.

எனக்குக் கொடுத்த வேலை பெயிண்ட் அடிப்பது. பையன்கள் பைப் அறுப்பார்கள், மரை போடுவார்கள், ஜாயின்ட் போடுவார்கள். எல்லாம் முடிந்தபிறகு, "கஸ்தூரி, பிரஷ்ஷ எடுத்துக்கினு வா" என்பார்கள். சொல்லிக்கொடுத்த தாமஸ் சார் நல்லவர்தான். ஆனால் அவரும், "பொண்ணுங்களுக்குக் கை சுத்தமா இருக்கும், பெயிண்ட் அவளே அடிக்கட்டும்" என்றுவிட்டார். ஒரு வருடம் நான் பைப்பைத் தொட்டது பிரஷ்ஷால் மட்டும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தது. சுவர் இருந்தது, கதவு இருந்தது, கதவில் 'பெண்கள்' என்று எழுதியும் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. அதனால் நாங்கள் யாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டோம். மரக்காணத்து வெயிலில். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரேயரில் மயங்கி விழுந்தபோது, "காலைல சாப்ட்டுட்டு வராதுங்க" என்றார் தலைமையாசிரியர். அவள் சாப்பிட்டுத்தான் வந்தாள். வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

நான் பிளஸ் டூ போன வருடம், அந்தப் பக்கத்து உப்பள முதலாளி ஒருவர் பள்ளிக்குப் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். உடனே ஆசிரியர் அறையில் வாஷ்பேசின் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் தாமஸ் சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தலைமையாசிரியரிடம் போய்க் கெஞ்சினார். கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. பிளம்பிங் பையன்களே பெண்கள் கழிப்பறைக்கு லைன் போடட்டும். திறப்பு விழா அன்றைக்கு ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் டேங்க் அங்கே. வராவிட்டால் ஆசிரியர் அறைக்கு.

மொட்டை மாடியில் டேங்க், அங்கிருந்து சுவரோரமாக பிவிசி பைப், கழிப்பறை வாசலுக்கு மேலே ஓர் எல்போ, அதாவது வளைவு. அதிலிருந்து உள்ளே சில குழாய்கள், வெளியே கை கழுவ ஒன்று. டேங்க்கிலிருந்து பைப் இறங்குகிற இடத்தில் கேட் வால்வு வைக்க வேண்டும் என்றேன் நான். ஏதாவது ஆனால் மேலேயே தண்ணீரை நிறுத்தலாம் அல்லவா?

ஏழுமலை சிரித்தான். "ஏம்மா, தண்ணி வரணும்னுதான லைன் போடறோம்? நிறுத்தறதுக்கா போடறோம்?"

(இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய மொத்தத் தத்துவமும் இதுதான்.)

நான் விடவில்லை, வால்வு வந்தது. விழாவுக்கு முந்தின நாள் எல்லா ஜாயின்ட்டும் ஒட்டியாகிவிட்டது. வாசலுக்கு மேலே இருக்கிற எல்போ மட்டும் பாக்கி. அப்போது பார்த்தால் பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா காலி. ஏன் காலி? ஏழுமலையின் ஷூ வாயைப் பிளந்திருந்தது. விழாவுக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டுமே! மிச்சமிருந்த சொல்யூஷனை வழித்து இரண்டு ஷூவுக்கும் அடி ஒட்டிக்கொண்டான் லீடர்.

எல்போவுக்கு என்ன செய்தான்? பைப்பை அதற்குள் சொருகி, சைக்கிள் டியூபைக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டிவிட்டான்.

வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. உப்பளத்தில் எந்தப் பைப்பையும் ஒட்டமாட்டார்கள். சீசன் முடிந்தால் எல்லாவற்றையும் கழற்றி எடுக்க வேண்டும், பாத்திக்குப் பாத்தி மாற்ற வேண்டும். அதனால் சொருகுவார்கள், டியூப் கட்டுவார்கள், மோட்டாரைப் போடுவார்கள். கொஞ்சம் ஒழுகினால் ஒழுகட்டும், அதுவும் பாத்தியில்தான் விழப்போகிறது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த எல்லாப் பைப்பும் டியூப் கட்டிய பைப்தான். வகுப்பில் அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? டியூபுக்கு மேலேயே வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். ஒரு கோட் அடித்தும் கறுப்பாகத் தெரிந்தது என்று இன்னும் இரண்டு கோட். அவ்வளவு நேர்த்தி. தாமஸ் சார் வந்து அண்ணாந்து பார்த்து, "ஃபினிஷிங் பிரமாதம்" என்றார்.

சாயங்காலம் சோதனை. குழாய்களைத் திறந்து வைத்து, மேலே வால்வைத் திறந்தோம். தண்ணீர் கொட்டியது. கைதட்டினோம். மேலே வால்வை மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம். உப்பளத்தில் பைப்பின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும், முனையில் குழாயே கிடையாது. அதனால் தண்ணீர் ஓடுகிற லைனில் வாயை மூடினால் பைப்புக்குள் என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விழா. உள்ளே இருந்த குழாய்களைப் பெண்கள் காலையில் துடைத்து மூடிவிட்டார்கள். வெளிக்குழாய் மட்டும் திறந்தே இருந்தது. முதலாளி ரிப்பன் வெட்டியதும் மாடியிலிருந்து ஒரு பையன் வால்வைத் திறக்க, வெளிக்குழாயில் தண்ணீர் கொட்ட வேண்டும். அப்படியே கொட்டியது. மேளம் அடித்தார்கள். பெண்கள் கத்தின கத்தலில் காக்கா எல்லாம் பறந்தது. முதலாளி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுகறு மீசையோடு வாசலில் நின்றார். பக்கத்தில் தலைமையாசிரியர். போட்டோக்காரர், "கொஞ்சம் நடுவுல வாங்க சார், இன்னும் கொஞ்சம்" என்று நகர்த்தி நகர்த்திச் சரியாக அந்த எல்போவுக்குக் கீழே நிறுத்தினார்.

தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடம் இல்லாத தண்ணீர், சாக்கடையில் போகிறதே! எல்லோரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்து போய், வெளிக்குழாயை இறுக்கி மூடினேன். மூடிவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். அந்தப் போட்டோ இன்னும் ஏழுமலையிடம் இருக்கிறது.

முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்றது. முதலாளி அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்திருக்கவே கூடாது.

'டப்!'

எல்போ பறந்து போய்த் தலைமையாசிரியர் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது. டேங்க்குத் தண்ணீர் ஒரே குறியாக முதலாளி தலையில் இறங்கியது. வேட்டி ஒட்டிக்கொண்டது. மீசையிலிருந்து கறுப்பாக ஒன்று ஒழுகிச் சட்டையில் கோடு போட்டது. அவருக்கு என்ன வயது என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லோரும் ஓடினார்கள். நான் ஏணிக்கு ஓடினேன். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். வால்வுக்குப் பக்கத்தில் இருந்த பையன் பயத்தில் அதை இன்னும் அதிகமாகத் திறந்துகொண்டிருந்தான். அவனைத் தள்ளிவிட்டு மூடினேன். டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன். பாதி இருந்தது.

இறங்கி வந்தால் கீழே விசாரணை நடக்கிறது. முதலாளி கையில் அறுந்த டியூப். வெள்ளைப் பெயிண்ட் அடித்த டியூப்.

"இது நம்ம அளத்துக் கட்டு ஆச்சே. யார்ரா கட்டுனது?"

ஏழுமலை கண் இமைக்காமல் சொன்னான்: "பைப்பு நல்லாத்தான் சார் இருந்துது. கஸ்தூரிதான் குழாய மூடிட்டுது."

உடனே ஊரே என் பக்கம் திரும்பியது. டியூபை ஒருத்தரும் பார்க்கவில்லை. "ஏம்மா மூடின?" என்றார் தலைமையாசிரியர். "ஓடறத எதுக்கும்மா மூடற?" என்றார் மேளக்காரர். (அவருக்கு இதில் என்ன?)

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "மூடக் கூடாதுன்னா குழா எதுக்கு சார்? பைப்ப வெட்டி அப்படியே உட்டுட வேண்டியதுதான? தெறந்தே கெடக்கறதுக்கு அதுக்கு ஒரு திருகு எதுக்கு? யாராவது பதில் சொல்லுங்க!"

தலைமையாசிரியர் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, "சரி சரி. டேங்க்க ஸ்டாஃப் ரூமுக்கே மாத்திடலாம்" என்றார். பின்னால் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினேன். அந்த எட்டாம் வகுப்புப் பெண் முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"மாத்தக் கூடாது சார்," என்றேன். "பாதி டேங்க் தண்ணி இருக்குது. வால்வ மூடிட்டேன். ஒரு எல்போவும் கொஞ்சம் சொல்யூஷனும் குடுங்க. இன்னைக்கே தண்ணி வரும்."

முதலாளி மீசையைத் துடைத்தார். "நான் நனைஞ்சது நனைஞ்சிட்டேன். தண்ணி வர்றதப் பாத்துட்டுத்தான் போவேன். நாற்காலிய வெயில்ல போடுங்கப்பா, சட்ட காயட்டும்."

தாமஸ் சார் தன் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து சின்னச் சொல்யூஷன் டப்பா ஒன்றையும் புது எல்போ ஒன்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார். பிரஷ் கொடுக்கவில்லை. நான் ஏணியில் ஏறினேன். பைப் நுனியை ஆக்சா பிளேடால் நேராக அறுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, எல்போவை அழுத்திச் சொருகி, லேசாகத் திருப்பிப் பிடித்தேன். ஒரு வருடமாகப் பெயிண்ட் டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது சும்மா போகவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? லீடர் ஏழுமலை. முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தான். ஷூ மட்டும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே உருப்படியாகப் போட்ட ஜாயின்ட் அதுதான்.

"இது காயணும் சார்" என்றேன்.

"எவ்ளோ நேரம்மா?" என்றார் முதலாளி.

"எச்செம் சார் பேசி முடிக்கிற நேரம்."

தலைமையாசிரியரின் பேச்சு நீளமாகப் போக வேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான். சாமி கைவிடவில்லை. அவர் கல்வியில் ஆரம்பித்து, ஒழுக்கத்துக்குப் போய், உப்பின் பெருமைக்கு வந்து சேர்ந்தபோது சொல்யூஷனும் காய்ந்தது, முதலாளியும் காய்ந்துவிட்டார்.

வால்வைத் திறந்தேன். வெளிக்குழாயில் தண்ணீர் வந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் எல்போவையே பார்த்தார்கள். நான் குழாயில் கை வைத்ததும் மொத்தக் கூட்டமும் பின்னால் போனது. போட்டோக்காரர் கேமராவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். முதலாளி நாற்காலியோடு நகர்ந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இப்ப மூடும்மா."

மூடினேன்.

ஒரு சொட்டு விழவில்லை.

பிறகு பெண்கள் போட்ட சத்தம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அந்த எட்டாம் வகுப்புப் பெண் ஓடிவந்து குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்து வயிறு முட்டக் குடித்தாள். குடித்துவிட்டு, அவளே மூடினாள். இன்றைக்கும் அந்த எல்போ அங்கேதான் இருக்கிறது. அதன்பிறகு எவனும் என்னைப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டதில்லை. ஈசிஆர் ரோட்டோரம் இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் நான் போட்ட லைன் ஓடுகிறது.

ஏழுமலை? திண்டிவனம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். என்ன விற்கிறான்? பைப் ஒட்டுகிற சொல்யூஷன்.

டேய் ஏழுமலை, இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த மாதம் உன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அந்த வீட்டுக்கு லைன் போட யாரைக் கூப்பிட்டாய்? ஊரில் வேறு பிளம்பரே இல்லையா? உன் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள், ரேடியோ செட் கட்டியிருப்பாய். பாயசம் வருகிற நேரத்துக்கு மைக்கை எடு. உன் வீட்டுச் சமையலறைக் குழாயை உன் கையாலேயே இறுக்கி மூடு. அண்ணாந்து பார். தைரியமாகப் பார், ஒன்றும் ஆகாது. பார்த்துவிட்டு, என் மகள் காதில் விழுகிற மாதிரி பதில் சொல்: அந்த டியூபைக் கட்டியது யார்?

சொல்லுடா.