திட்ட விலக்கம் பூஜ்யம்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹோவ்லண்ட் மாணவர் விடுதியின் பதினேழாவது கதவை டெல்லா தட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய பதினாறும் திறக்கவில்லை. தாங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாளுக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். டெல்லாவின் அப்பாவுக்கு எண்ணெய்க் கிணற்றில் பண்டிகை ஷிஃப்ட். பூட்டிய வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போவானேன் என்று அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தாயிற்று. ஒரே நிபந்தனை, டிசம்பருக்குள் புள்ளியியலில் தேற வேண்டும். அதற்கு ஒரு கணக்கெடுப்பு பாக்கி இருந்தது. முன்பின் தெரியாத முப்பது பேரிடம் ஒரே கேள்வி: இன்று இதுவரை எத்தனை பேரிடம் நேரில் பேசினீர்கள்? பதிலை அவர்களே சீட்டில் எழுதி, மடித்துப் பையில் போட வேண்டும். அக்டோபரிலேயே முடித்திருக்கலாம். தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் டெல்லாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, இப்போது கேட்க ஆளே இல்லை. திங்கட்கிழமை கெடு.

பதினெட்டாவது கதவில் காவலாளி டாஸ்கர் வந்து நின்றார். யாரோ ஒவ்வொரு அறையாகத் தட்டுவதைக் காமிராவில் பார்த்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.

"திருட வந்தவங்க கதவைத் தட்டிக் கேக்கறதை இப்பதாம்மா பாக்கறேன்."

டெல்லா திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். அவர் சிறிது யோசித்து, ஒரு சீட்டில் எழுதி மடித்துப் போட்டார். ஊருக்குள் போய்க் கேட்கச் சொன்னார். அப்படியே அவள் பெயரைப் புகார் ரிஜிஸ்டரிலும் எழுதிக்கொண்டார்.

வெளியே பனி முழங்கால்வரை கிடந்தது. வரிசையாகக் கார் நின்ற வீடுகளில் சிரிப்பும் வான்கோழி வறுபடும் வாசனையுமாக இருந்தது. அங்கே மணி அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒற்றைக் கார் நின்ற வீடுகளாகப் பார்த்துத் தட்டினாள். ஒருவர் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லி உள்ளே போய், சட்டை மாற்றிக்கொண்டு வந்து சீட்டை வாங்கினார். ஓர் அம்மாள் பூசணி கேக்கை வெட்டிக் கொடுத்து, தன் முழங்கால் அறுவை சிகிச்சையை ஆதியோடு அந்தமாகச் சொல்லித்தான் விட்டாள். இருட்டுவதற்குள் முப்பது சீட்டு சேர்ந்துவிட்டது. டெல்லாவின் தொண்டை கட்டிப் போயிருந்தது. ஒரு வருஷத்தில் அவள் அவ்வளவு பேசியதில்லை.

அறைக்கு வந்து சீட்டுகளைப் பிரித்தாள். முதல் சீட்டில் ஒன்று. இரண்டாவதிலும் ஒன்று. முப்பதிலும் ஒன்று.

எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்வதுதான் திட்ட விலக்கம். கணக்குப் போட்டால் பூஜ்யம் வந்தது. இதை யார் நம்புவார்கள்? ரப்பரை எடுத்து நான்கு சீட்டுகளில் இருந்த ‘ஒன்று’ என்பதை அழித்து மூன்று, ஐந்து என்று எழுதினாள். மனசு உறுத்தியது. அதையும் அழித்து மறுபடி ஒன்றே போட்டாள். அதற்குள் காகிதம் நைந்துவிட்டது.

திங்கட்கிழமை பேராசிரியர் கிம்பல் அந்த நான்கு சீட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முப்பதும் ஒண்ணு. அதுல நாலு அழிச்சு எழுதினது. பொய்யையாவது கொஞ்சம் கூட்டிக் குறைச்சு எழுதக் கூடாதாம்மா?"

மருத்துவக் கல்லூரிக்கு அன்றே கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். உண்மையாகவே கேட்டேன் என்று டெல்லா கட்டின தொண்டையில் முனகினாள். பார்த்தவர்கள் உண்டா என்றார். வேறு வழியில்லாமல் டாஸ்கரின் பெயரைச் சொன்னாள்.

டாஸ்கர் ரிஜிஸ்டரும் கையுமாக வந்தார். ஆளில்லாத அறைகளைத் தட்டியதாக டெல்லாவின் மேல் எழுதியிருந்ததை அப்படியே படித்துக் காட்டினார். பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டார். டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களும் சீட்டு எழுதினீங்களா?"

"எழுதினேன் சார். ஒண்ணுன்னு."

"அன்னிக்குக் காலையில ஆறு மணியிலேருந்து வாசல்ல இருந்திருக்கீங்க. பண்டிகை நாள். ஒருத்தர்கிட்டதான் பேசினீங்களா? யார் அது?"

டாஸ்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுதான் சார்."