மாமனாருக்கு எட்டுக்கு ஆறில் ஒரு கண்ணீர் அஞ்சலி

என் மாமனாரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். அவர் எனக்கு மாமனார் ஆவதற்கு முன்பே, எட்டுக்கு ஆறு அடி அளவில், முழு வண்ணத்தில். விரோதம் எதுவும் கிடையாது. ஆராய்ச்சிதான் காரணம். (ஆராய்ச்சி செய்கிற பையனுக்குப் பெண் கொடுக்க நினைப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.)

நான் ஆறாவது படிக்கும்போது தொலைக்காட்சியில் 'ஆளில்லா நிறுத்தம்' என்று ஒரு தொடர் வந்தது. பதிமூன்றே வாரம். வெள்ளிமலைக்குப் போகிற மலைப்பாதையில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். கடைசி வாரத்தில் கதாநாயகி பனிமூட்டத்தில் தனியாக நிற்பாள். பஸ் வரும். பின் ஜன்னலில், பச்சைச் சால்வையால் முகத்தைப் பாதி மூடிய ஒரு ஆள் அவளைப் பார்ப்பார். அவள் ஏறமாட்டாள். பஸ் போய்விடும். அவ்வளவுதான், முற்றும். அந்த ஆள் யார் என்று எடுத்தவர்களும் சொல்லவில்லை, நடித்தவர்களும் சொல்லவில்லை.

அந்தப் பார்வையை நினைத்து இன்றுவரை மண்டையைப் பிய்த்துக்கொள்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மலேசியாவில் இருக்கிறது, கனடாவில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் நண்பன் பிரபு.

நாங்கள் இருவரும் அந்தத் தொடரைப் பற்றி வாரம் ஒரு வீடியோ பாட்காஸ்ட் போட்டோம். ஒலிப்பதிவுக்கூடம், நான் டிசைனராக வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையின் பின்னறை. ஃப்ளெக்ஸ் சுருள்களைச் சுற்றி அடுக்கி வைத்தால் எதிரொலி வராது. ஆனால் முன்னால் மிஷின் ஓட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அதனால் எங்கள் எபிசோடுகளில் ஆழ்ந்த மௌனங்கள் நிறைய வரும். கனடா ரசிகர் ஒருவர் அந்த மௌனங்களைப் பாராட்டி எழுதியிருந்தார். நான் மறுக்கவில்லை.

என் பெயரை நிலைநாட்டியது பத்தொன்பதாவது எபிசோடு. அந்தக் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்ததில் ஒரு உண்மை தெரிந்தது. பச்சைச் சால்வைக்காரர் ஒன்பது விநாடி கண்ணே சிமிட்டவில்லை. உயிருள்ள மனிதனால் முடியுமா? பிரபுவை உட்காரவைத்துச் சோதித்தேன். ஒன்பது விநாடியில் மூன்று முறை சிமிட்டினான். ஆகவே அந்த ஆள் உயிரோடு இல்லை. இதுதான் என் கோட்பாடு. அதற்குப் பிறகு முப்பது எபிசோடு அதே கோட்பாட்டை வைத்து ஓட்டினேன். "இந்த முகத்தில் ஆயிரம் ஆண்டு வேதனை இருக்கிறது நேயர்களே" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். (இப்போது கேட்டால் எனக்கே அடிக்கத் தோன்றுகிறது.)

இந்தச் சமயத்தில்தான் தேன்மொழி கடைக்கு வந்தாள். தனியார் பள்ளி ஆசிரியை. விளையாட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தவள், என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்காஸ்ட்ல பேசறது நீங்களா? பஸ்ல போறப்ப தெனமும் கேப்பேன். ரெண்டு நிமிஷத்துல நல்லா தூக்கம் வந்துடும்."

இதை நான் மூன்று மாதம் பாராட்டாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விஷயம் காதலாகி, அவளே வீட்டில் சொல்லி, கச்சிராயபாளையத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவாகிவிட்டது. அவள் அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவைத்தான் நான் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் ஏகாம்பரம், கண்டிப்பானவர், அவர் சரி என்றால்தான் சரி. "அப்பாவ மட்டும் எப்படியாவது அசத்திடுங்க. அவர் வேணாம்னா நான் மீறி வரமாட்டேன்" என்று தேன்மொழி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

அசத்துவது என்று முடிவெடுத்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஐம்பதாவது எபிசோடு. விளம்பரத்துக்குப் பச்சைச் சால்வைக்காரருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்தால் என்ன? பழைய காட்சியில் இருந்த மங்கலான முகத்தை எடுத்தேன். கணினியில் இப்போது வந்திருக்கிற செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, சால்வையை நீக்கி மீதி முகத்தை நிரப்பச் சொன்னேன். அது யோசித்து, அடர்த்தியாக ஒரு மீசையும் போட்டுக் கொடுத்தது. முகத்தைச் சுற்றி ஒளிவட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர் வடியும் ஒரு கண். 'எங்களை ஆழ்ந்த துயரத்தில் ஆழ்த்திவிட்டு மறைந்த அண்ணன்' என்று பெரிய எழுத்தில். கீழே, எறும்பு படிக்கிற அளவில், எங்கள் சேனல் பெயரும் என் போன் நம்பரும்.

இங்கேதான் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. ஆறு வருடமாக நூற்றுக்கணக்கான அஞ்சலி அடித்த கை. முகம் பெரிதாக, மற்றதெல்லாம் சிறிதாக என்று தானாகவே போய்விட்டது. விளம்பரம் என்று யாருக்கும் தெரியவில்லை. அசல் சாவு மாதிரியே இருந்தது.

ஒன்றைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டினோம். இன்னொன்றை சனிக்கிழமை சாயங்காலம் நானே கச்சிராயபாளையம் போய், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கட்டினேன். தேன்மொழியின் அப்பா அந்தப் பக்கம் வந்தால் பார்ப்பாரே, பையனுக்குக் கைவசம் தொழில் இருக்கிறது என்று தெரியுமே என்கிற நல்லெண்ணம்தான்.

ஞாயிறு காலையிலிருந்து என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் தெரியாத நம்பர். ரசிகர்கள் என்று பூரித்துப்போய், பெண் பார்க்கிற நேரத்தில் தொல்லை வேண்டாமென்று சைலண்டில் போட்டேன். (அதில் பதினோரு அழைப்பு தேன்மொழியுடையது என்பது பிறகுதான் தெரிந்தது.) அப்பா, அம்மா, நான் காரில். பிரபு மாப்பிள்ளைத் தோழனாக பைக்கில்.

தெருமுனை திரும்பியதும் வீட்டு வாசலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கைந்து பேர் கையில் ரோஜா மாலை.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பரவால்லியே, பொண்ணு பாக்க வர்றதுக்கே மாலையெல்லாம் வாங்கி வச்சிக்கினு நிக்கிறாங்க. நல்ல குடும்பம்டா."

"அது சரி, ஏன் அழுவறாங்க?" என்றார் அம்மா.

காரை நிறுத்துவதற்குள் எங்களுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. சடலம் வைக்கிற குளிர்ப்பெட்டியை டிரைவர் இறக்கிக்கொண்டே கேட்டார், "பாடி எங்கங்க?"

வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற மனிதர் சொன்னார், "நான்தான்."

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சீக்கிரம் சொல்லுங்க சார், வேற எடத்துக்குப் போவணும்."

"அட நான்தாம்பா! சாவல. எவனோ போட்டோ போட்டு கட்டிட்டான். பெட்டிய எடுத்துக்கினு கெளம்பு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்து இறங்கிய அம்மாள் ஒருவர் "எண்ணா, என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று அவர் மேலேயே விழுந்து அழ ஆரம்பித்தார்.

"போவலடி! இங்கதான் நின்னுக்கினு இருக்கேன், பாரு."

"தெரியுதுண்ணா. பஸ்ஸு பூரா அழுதுக்கினே வந்தேன், டக்குனு நிக்க மாட்டேங்குது" என்று அந்த அம்மாள் மறுபடியும் அழுதார்.

நான் காரிலிருந்து இறங்கினேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது, முன் மண்டை வழுக்கை. ஆனால் அந்தக் கண்கள்! முப்பது எபிசோடு நிறுத்தி நிறுத்திப் பார்த்த கண்கள். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் காரில் திரும்பி ஏறி ஊரைவிட்டே போயிருப்பான். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் உடம்பெல்லாம் புல்லரித்தது. பின்னால் பிரபு பைக்கைப் போட்டுவிட்டு, "டேய், பச்சைச் சால்வைடா!" என்று கத்தினான்.

நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், அந்த பஸ்ல நீங்க ஏன் சார் அப்படிப் பாத்தீங்க?"

அழுத அம்மாள்கூட நிறுத்திவிட்டார்.

"எந்த பஸ்ல?" என்றார் அவர். பிறகு மெதுவாக, "ஃப்ளெக்ஸ் கட்டனது நீதானா?"

உள்ளே ஜன்னலில் தேன்மொழி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. அவளுக்கே அப்போதுதான் புரிந்திருக்கிறது. அவள் காதால் கேட்டாளே தவிர, எங்கள் வீடியோ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் சால்வைக்குள் அப்பாவைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள். அவருடைய இளமைக்கால முகம் தெரிந்த சொந்தக்காரர்கள்தான் ஃப்ளெக்ஸைப் பார்த்த வேகத்தில் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொடர், பனி, ஜன்னல், கண் சிமிட்டாத ஒன்பது விநாடி, ஆயிரம் ஆண்டு வேதனை. அவர் முழுதாகக் கேட்டார்.

"அப்ப நான் வெள்ளிமல ரேஷன் கடையில இருந்தேன். மேல டி.வி. ஏது? அவங்க எடுத்தத நான் பாத்ததே இல்ல" என்றார். "கடவாப் பல்லு வலி. கன்னம் இம்மாம் பெருசு வீங்கிக்கினு, சால்வைய சுத்திக்கினு, பல்லு புடுங்க கள்ளக்குறிச்சி போய்க்கினு இருந்தேன். வழியில பஸ்ஸ மறிச்சி, ஒரே ஒரு ஷாட்டுன்னானுங்க. முன்னால போ, பின்னால வா, பனி கலைஞ்சிடிச்சி, பொகைய போடுன்னு ஏழு தபா. கண்ண சிமிட்டனா கூட மண்டைக்குள்ள தெறிக்குது. நானே உயிர கையில புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தா, ஆயிரம் வருஷமாம்!"

பிரபு என் காதருகில், "கோட்பாடு போச்சுடா" என்றான். கோட்பாடு போனால் போகிறது, பெண்ணும் போய்விடுமே! காலில் விழலாமா என்று குனியப் பார்த்தேன். செத்தவருக்குக் கும்பிடு போடுகிற மாதிரி ஆகிவிடும் என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"பொண்ணு கொடுக்கறதா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம்" என்றார் ஏகாம்பரம். "மொதல்ல இந்த நாற்காலிய போட்டுக்கினு வாசல்ல ஒக்காரு. வர்றவங்களுக்கெல்லாம் நான் உயிரோட இருக்கேன்னு நீயே சொல்லு. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

உட்கார்ந்தேன். பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். ஆட்டோவிலும் வேனிலுமாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எழுந்து கைகூப்பி, "வாங்க, ஐயா நல்லா இருக்கார்" என்றேன். "நீ யாருப்பா?" என்று கேட்டார்கள். "பொண்ணு பாக்க வந்திருக்கேங்க" என்றேன். "எழவு வூட்லயா?" என்றார்கள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். ஒரு பெரியவர் கதையைப் பாதி கேட்டதும் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மீதியைக் கேட்டார். எங்களுக்காகச் செய்து வைத்திருந்த கேசரியும் பஜ்ஜியும் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். பற்றாமல் போய், என் அம்மாவே அடுப்படிக்குள் நுழைந்து தேன்மொழியோடு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். அப்பா பந்தியில் தண்ணீர் ஊற்றினார்.

பொழுது சாயும்போது கூட்டம் கலைந்தது. உளுந்தூர்பேட்டை அம்மாள் மட்டும் போகவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, மீதமிருந்த பஜ்ஜியைப் பிட்டு அவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நிலம் பிரித்த சண்டையில் ஒன்பது வருடமாக அந்தத் தங்கை இந்த வாசலை மிதித்ததில்லை என்று தேன்மொழியின் அம்மா சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது வேறு.

ஏகாம்பரம் என்னைக் கூப்பிட்டார்.

"யார் யார் வருவாங்க, யார் யார் அழுவாங்கன்னு எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டேன். எவனுக்குங் கெடைக்காது இது" என்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "நம்ம சாதிசனம் மொத்தமும் இன்னிக்கே மாப்பிள்ளையப் பாத்தாச்சி. இன்னொருத்தன கூட்டியாந்து காட்டணும்னா நான் மறுபடியும் சாவணும். இவனே இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வாரமே எபிசோடில் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பல்வலி என்பது ரசிகர்களின் அறிவை அவமதிக்கும் செயல் என்று கனடாக்காரர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். மாமனாரே கேமரா முன்னால் வந்து வாயைத் திறந்து, பிடுங்கிய பல்லின் இடத்தைக் காட்டினார். 'நல்ல நடிகர், எங்கே பிடித்தீர்கள்?' என்று ஒருவர் எழுதினார். ஏழு தபா நடித்தும் அன்றைக்கு ஒருத்தனும் பாராட்டவில்லையே என்று அவருக்கு அதில் ஒரே மகிழ்ச்சி.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் மாமனார் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால், மாமியார் தன் மகளைக் கூப்பிடுவதில்லை. எனக்குத்தான் போன் வரும்.

"மாப்ள, உங்க மாமா இன்னும் கண்ணத் தொறக்கல. இருக்காரா, போய்ட்டாரா? நீங்கதான சொல்லணும்."

நான் கடையில் எவ்வளவு வேலையாக இருந்தாலும், மிஷினை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இருக்கார் அத்தை" என்பேன்.

உடனே போனுக்குள் கட்டில் கிறீச்சிடும். பின்னாலேயே மாமனாரின் குரல் கேட்கும். "அவனே சொல்லிட்டான் இல்ல? டீயப் போடு, எழுந்துக்கிறேன்."